தயிர் டப்பாவில் முளைப்பாரி

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் பனியன் யூனிட்டில் மெஷின் சத்தத்தைவிடப் பிள்ளைகளின் சத்தம்தான் அதிகமாக இருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாளே டெய்லர்களும் செக்கிங் பெண்களும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பாவம், வேறு எங்கேதான் விடுவார்கள்? வெயிலில் தகிக்கிற லைன் வீட்டுக்குள் பூட்டி வைக்கவா முடியும்? அந்த வருடம் ஒரு வாண்டின் பாவாடை நுனி ஓவர்லாக் மெஷினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நல்ல வேளையாக விரல் போகவில்லை. நான் போட்ட கூச்சலில் மொத்த மெஷின் வரிசையும் நின்றுவிட்டது. அன்று மத்தியானமே பிள்ளைகளை எல்லாம் மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

நான் குண்டடத்துப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வீரபாண்டிக்கு வந்தபின் மண்ணைத் தொடுவதே அரிதாகிவிட்டது. கீழே யூனிட், மேலே எங்கள் வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி, பின்பக்கம் வேலையாட்கள் குடியிருக்கும் ஆறு லைன் வீடுகள். இவ்வளவுதான் எங்கள் உலகம். இங்கே உப்பேறின போர்வெல் தண்ணீரை ஊற்றினால் வெண்டைச் செடிகூட நுனி கருகிப் போகும். அதனால் குடிக்கிற தண்ணீரை ஒரு குடம் பிடித்துக்கொண்டுபோய், ஏழு பிள்ளைகளை உட்கார வைத்து, "இன்னிக்கு நாம பொம்மைக்கு முடி மொளைக்க வெக்கப் போறோமுங்க" என்றேன்.

கட்டிங்கில் மிஞ்சும் துணியில் பை மாதிரி தைத்து, உள்ளே மரத்தூளை அடைத்து, உச்சியில் ராகியைப் போட்டு இறுக்கிக் கட்டினால் தலை தயார். பட்டனை வைத்துக் கண் தைத்தோம், மார்க்கரில் வாய் வரைந்தோம். ஐந்தாம் நாள் எல்லாத் தலையிலும் பச்சையாக முடி குத்திட்டு நின்றது. பிள்ளைகளுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒன்பது வயதான என் மகள் நூல் வெட்டுகிற கட்டரை எடுத்து வந்து அத்தனை பொம்மைக்கும் கிராப் வெட்டிவிட்டாள். அதற்குப் பிறகு பாட்டிலில் சர்க்கரைவள்ளி, நூல் சுற்றி வரும் அட்டைக் கோனில் வெந்தயம் என்று தினமும் ஒன்று செய்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு மே மாதத்தைக் கழித்ததே இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

லைன் வீட்டில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். எங்கள் யூனிட்டில்தான் வேலை. அவளுக்கும் ஒரு மகள், என் மகளின் வயதுதான். அந்தப் பெண் அப்போது நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தவறிப் போயிருந்தன. ஒன்று ஏழாம் மாதத்தில், இன்னொன்று பிறந்த இரண்டாம் நாள். அதனால் மெஷினில் உட்கார வேண்டாம் என்று சொல்லி அவளைச் செக்கிங்கில் போட்டிருந்தேன். துணி காயப் போட மாடிக்கு வந்தவள் பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கூர்ல கோயில் பொங்கலுக்கு மொளப்பாரி போடுவோம்க்கா. ஒம்பது நாளைக்கு இருட்டுல வச்சு வளக்கணும். நடுவுல யாரும் பாக்கக் கூடாது. தெறந்து பாக்கையில யாருது மஞ்ச மஞ்சேன்னு அடர்த்தியா வந்திருக்கோ, அவுக வீட்டுல நல்லது நடக்கும்."

"வரலீன்னா?" என்று ஏதோ ஒரு வாண்டு கேட்டது.

அவள் கையிலிருந்த துணியை உதறினாள். "வரலன்னா அந்த வீட்டுல யாருக்கோ ஏதோ கொறை வரப்போகுதுன்னு பெரியவுக சொல்லுவாக."

"அட, விடு கண்ணு. நாம வெளையாட்டுக்குத்தான போடறோம்" என்று நான் சிரித்துத் தள்ளினேன். ஒரு ஊரில் விரதம் இருந்து, குளித்து முழுகிச் செய்கிற காரியத்தை விளையாட்டு என்று சொன்ன என் வாயை என்ன செய்வது? எங்கள் பக்கமும் கல்யாணத்துக்கு இப்படித் தானியத்தை முளைக்கவிட்டுப் பாலிகை போடுவோம். அது வளர்ந்ததா வாடியதா என்று யாரும் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. அதனால் எனக்கு இதன் கனம் தெரியவில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். ஏழு பிள்ளைகள், ஏழு தயிர் டப்பாக்கள். மண்ணுக்குப் பதில் டப்பாவின் அடியில் கட்டிங் துணியை நாலாக மடித்துப் போட்டு நனைத்து, அதன்மேல் பாசிப்பயறைப் பரப்பச் சொன்னேன். எது யாருடையது என்று குழம்பக் கூடாதே. பண்டலில் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கரை ஆளுக்கு ஒன்று கொடுத்துப் பெயரை எழுதி ஒட்டச் சொன்னேன். ஆறு டப்பாவுக்கு வெளுக்காத துணி கிடைத்தது. ஏழாவதுக்குத் தேடினேன், இல்லை. மூலையில் ஒரு வெள்ளைத் துணிக் கட்டு கிடந்தது. பிளீச்சிங் முடிந்து வந்த துணி. சரியாகக் கழுவாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நானே மோந்து பார்த்து, நானே போனில் சத்தம் போட்டு, ஒதுக்கி வைத்த கட்டு அது. அதிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அந்தத் தேனிப் பெண்ணின் மகளிடம் கொடுத்தேன். "உனக்குத்தான் கண்ணு வெள்ளை வெளேர்னு கெடைச்சிருக்குது" என்று வேறு சொன்னேன். ஒன்பது நாளைக்குக் காயாமல் ஈரமாக இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு.

டப்பாக்களை மாடி ஸ்டோர் ரூமில் கோன் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். தினமும் காலையில் நான் மட்டும் பெட்டியின் ஓரத்தை லேசாகத் தூக்கி, பார்க்காமல் தண்ணீர் தெளிப்பேன். பார்க்காமல் என்றால் நிஜமாகவே பார்க்காமல். விதி என்றால் விதிதான் என்று பிள்ளைகள் முன் கண்ணை மூடிக்கொள்வேன். அதுவும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை.

எட்டாம் நாள் சனிக்கிழமை. சாயந்திரம் வேலை முடிகிற நேரத்தில் அந்தப் பெண் என் டேபிளுக்கு வந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி பேசினாள்.

"திங்கக்கெழம தெறக்கிறோம்லக்கா. எம்புள்ள டப்பா எப்படி வருதோ, அப்படித்தான் இந்தப் புள்ளையும்னு மனசுல நெனச்சுக்கிட்டேன். தெனமும் அவளக் குளிக்க வச்சுத்தான் மேல அனுப்புறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அய்யோ, அப்படியெல்லாம் நெனைக்காத கண்ணு" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யூனிட் லீவு. எங்கும் சத்தமே இல்லை. நான் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஆறு டப்பாவிலும் பயறு முளைத்து, விரல் நீளத்துக்கு, மஞ்சளும் வெள்ளையுமாக நெருக்கியடித்து நின்றது. ஏழாவதில் ஒன்றுமில்லை. தோல் உரிந்து, பழுப்பாகி, கூழாகிக் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். அழுகல் வாடைக்கு அடியில் அந்தப் பிளீச்சிங் மருந்து வாடை. காரணம் அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பயறின் குற்றமுமில்லை, அந்தப் பிள்ளையின் கையின் குற்றமுமில்லை, என் குற்றம்.

நேராகக் கீழே இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். துணி சரியில்லை, உன் பிள்ளைக்குக் கழித்துப் போட்ட துணியைக் கொடுத்துவிட்டேன் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. முதலாளியம்மா ஆயிற்றே. சொன்னாலும் அவள் நம்புவாளா, மனசைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாளா என்றும் தோன்றியது. பயந்து பயந்து இருக்கிறவள். ராத்தூக்கம் கெட்டு ஏதாவது ஆகிவிட்டால்? நான் இரண்டு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். அவளுடைய மகளின் ஸ்டிக்கரை உரித்தேன். பக்கத்து டப்பாவின் ஸ்டிக்கரையும் உரித்தேன். அது என் மகளுடையது. இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டுக் கீழே வந்து இட்லிக்கு ஊற வைத்தேன்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணின் மகள் டப்பாவைத் தூக்கிக் காட்டியதும் அவள் அங்கேயே நின்று குலவை போட்டாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை, வெலவெலத்துப் போய்விட்டன. அவள் அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் மகள் தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு வாண்டு எட்டிப் பார்த்து, "அய்ய, உங்க ஊட்டுக்குத்தான் கொறையாம்" என்றது. நான் அதை ஒரு அதட்டு அதட்டினேன். "தண்ணி அதிகமாப் போச்சு கண்ணு, அவ்வளவுதான்" என்று மகளிடம் சொன்னேன். அவள் டப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றம் போலிருக்கிறது என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கரையும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஏதோ ஒன்று புகுந்துகொண்டது. இப்படித்தான் சொல்ல முடிகிறது. வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டாள். ரோட்டைக் கடக்கும்போது என் முந்தானையை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். ஆடிப்பெருக்குக்குத் தாராபுரம் போனோம். வருடா வருடம் அமராவதியில் குதித்து ஆடுகிறவள், அன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கால் மட்டுமாச்சும் நனை சாமி" என்று அவள் அப்பா கெஞ்சினார். முடியாது என்று தலையை ஆட்டினாள். காலில் முள் குத்தினால், "இதுக்கெல்லாம் செத்துப் போவாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன்? "வாயக் கழுவு" என்று எரிந்து விழுந்தேன்.

எரிந்து விழுந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கும் பயம் பிடித்துவிட்டது. ஜாதகம், ராகுகாலம் என்றால் சிரிக்கிறவள் நான். ஆனால் அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்த அழுகிய பயறு வாடை என் மூக்கில் ஏறியது. கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகவில்லை. பள்ளிக்கூட வேன் பத்து நிமிடம் தாமதமானால் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடப்பேன். காய்ச்சல் வந்த ஒரு வாரம் நான் என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "டப்பாவுல பயறு மொளைக்கலீன்னா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமா? லூசாட்டப் பேசாத" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். என் வயிற்றுக்குத்தான் அது புரியவில்லை.

ஐப்பசி மழையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, மூன்று கிலோவுக்கு மேல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சீனியும் துணியும் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். குழந்தை கொழுகொழுவென்று கையை முறுக்கிக்கொண்டு தூங்கியது. எனக்கு உயிர் வந்தது. நல்லபடியாக முடிந்தது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"எல்லாம் அந்த மொளப்பாரி குடுத்த புள்ளக்கா" என்றாள் அவள். "பொய்யாகல பாத்தீகளா."

வாசல்படியில் நின்றுகொண்டிருந்த என் மகள் அப்படியே இரண்டு எட்டு பின்னால் போனாள். அப்புறம் திரும்பி ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு? என்னாச்சு?"

"அது நெசந்தானுங்கம்மா?"

"எது?"

"மொளப்பாரி. அவிய ஊட்டுப் பாப்பா நல்லாப் பொறந்துருச்சுல்ல. அப்ப அது நெசந்தான. எனக்கு எப்பங்கம்மா ஆகும்?"

"உனக்கு என்ன சாமி ஆகும்?" என்றேன்.

"நான் பாத்தனுங்கம்மா. அன்னிக்கு ஞாயித்துக்கெழம நீங்க மேல வந்தீங்கள்ல, நானும் பின்னாலயே வந்தேன். நீங்க ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுனதைப் பாத்தேன்."

ஆறு மாதம். ஒன்பது வயசுப் பிள்ளை ஆறு மாதமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். ஹோம்வொர்க் எழுதியிருக்கிறாள். தனக்கு என்றைக்கு ஆகும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்திருக்கிறாள். அந்தக் குழந்தை செத்துப் பிறந்திருந்தால் முளைப்பாரி பொய் என்று இவளுக்குப் பயம் தெளிந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன். நான் அழுததைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள்.

சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. நம்புகிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லையே. அதனால் மறுநாள் காலையில் அவளையே நாலு தயிர் டப்பாவை எடுக்கச் சொன்னேன். அந்த வெள்ளைக் கட்டு இன்னும் மூலையில்தான் கிடந்தது. இரண்டு டப்பாவுக்கு அந்தத் துணி, இரண்டுக்கு வெளுக்காத துணி. பயறை அவளே எண்ணிப் போட்டாள், அவளே தண்ணீர் தெளித்தாள். ஸ்டோர் ரூம் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆறாம் நாள் சாயந்திரம் பள்ளிக்கூட யூனிபார்மோடு மேலே போனவள் என்னைக் கூப்பிட்டாள்.

வெளுக்காத துணிமேல் பயறு நெருக்கமாக முளைத்திருந்தது. வெள்ளைத் துணி இரண்டிலும் கூழ். அவள் வெள்ளைத் துணியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"மருந்து வாடை."

"ஆமா கண்ணு. துணியிலதான் கோளாறு. இதுல யார் போட்டாலும் வராது. நம்ம ஊட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. ஆறு மாதமாக அந்தத் தோள் தூக்கியே இருந்தது என்பது அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாடா, பேய் இறங்கியது என்று நினைத்தேன். அவள் துணியை டப்பாவுக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"துணியிலதான் கோளாறுன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?"

"தெரியும். மோந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் மாத்துனீங்க?"

"அந்த அம்மா பாத்தா பயந்துக்கும். வயித்துல பாப்பா வேற. எனக்கும் பயமாப் போச்சு கண்ணு. ஒருவேளை நெசமாவே ஏதாச்சும் ஆயிருமோன்னு."

"எனக்கு ஆயிருமோன்னு பயமா இல்லீங்களா?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. உன் பெயரைப் பார்க்கவில்லை, கைக்கு வந்ததை எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்தால் முடியவில்லை. "இல்ல சாமி. அன்னிக்கு அது எனக்குத் தோணவே இல்ல" என்றேன். அதுதான் உண்மை. ஊரான் வீட்டுப் பிள்ளைக்காகப் பயந்தேன். என் வீட்டுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்கிற திமிரில் என் பிள்ளையை எடுத்து முன்னால் நிறுத்திவிட்டேன்.

"சரிங்கம்மா" என்றாள். நாலு டப்பாவையும் எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

அந்தத் தேனிப் பெண்ணிடம் நான் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அமராவதியில் முன்போலக் குதிக்கிறாள். ரோட்டைத் தனியாகக் கடக்கிறாள். பரீட்சைக்கு முந்தின நாள்கூட, "பயமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லீங்கம்மா" என்றாள். பயம் போய்விட்டதா, இல்லை, இருக்கிற பயத்தை என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.